தப்பாகச் சொல்ல வேண்டிய பதில்

என் சித்தி பி.எட். படித்த வருஷம் எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஒரு வேலை இருந்தது. அப்பா சார்ட் அட்டை வாங்கி வருவார். அம்மா அதில் படங்களை வெட்டி ஒட்டுவாள். தீப்பெட்டி ஆபீஸில் பத்து வருஷம் லேபிள் ஒட்டிய கை, ஓரத்தில் ஒரு பொட்டுப் பசை பிதுங்காது. எனக்கு மாணவி வேலை. அடுப்படிச் சுவரைக் கரும்பலகையாக நினைத்துக்கொண்டு சித்தி, "அன்பு மாணவர்களே" என்று ஆரம்பிப்பாள். இருந்த ஒரே மாணவியும் பாதி நேரம் காராச்சேவு தின்றுகொண்டிருப்பாள்.

அம்மாவின் தங்கை அவள். எங்களோடுதான் இருந்தாள். அதற்கு முன்பு மூன்று வருஷம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு வெடி கம்பெனியில் பேக்கிங் பார்த்துக்கொண்டே தபால் வழியில் பட்டம் வாங்கியிருந்தாள். இப்போது சாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி விருதுநகர் பக்கத்துக் கல்லூரிக்குப் போனாள். கல்லூரி வாசலில் பல்கலைக்கழக அளவில் ரேங்க் வாங்கியவர்களின் முகங்களைப் பெரிய பெரிய ஃப்ளெக்ஸாக வைத்திருப்பார்களாம். அதைவிடப் பெரிய விஷயம், கல்லூரியில் முதலாவதாக வருபவர்களுக்கு அவர்களுடைய மாதிரிப் பள்ளியிலேயே வேலை உண்டு. வைத்த பரீட்சை எல்லாவற்றிலும் சித்திதான் முதல். இதைக் கோட்டைவிட்டால் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற காலத்துக்கு மறுபடியும் வெடி கம்பெனி வேன்தான்.

கற்பித்தல் பயிற்சிக்கு நாற்பது நாள் என் பள்ளிக்கே அவளை அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பு, அறிவியல், என் வகுப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளியில் சித்தி என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று மட்டும் கட்டளை. வகுப்பு முழுவதற்கும் அவள் என் சித்தி என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன்.

கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. பல்கலைக்கழகம் அனுப்பும் தேர்வாளர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க, சித்தி ஒரு பாடம் நடத்த வேண்டும். பாடம், எரிதல். ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எங்களுக்கு ஒத்திகை நடந்தது. யார் எந்தக் கேள்விக்கு எழுந்திருப்பது, என்ன சொல்வது எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிட்டது. இதில் அவளுடைய சீனியர்கள் சொல்லிக்கொடுத்த ஒரு நுணுக்கம் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் சரியாகவே சொன்னால் ஒத்திகை பார்த்தது தேர்வாளருக்குத் தெரிந்துவிடுமாம். ஒருத்தராவது தப்பாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் அதை அன்பாகத் திருத்த வேண்டும். அதற்குத் தனி மதிப்பெண்ணே உண்டாம்.

அந்தத் தப்பான பதிலை சித்தி எனக்குக் கொடுத்தாள்.

எரிவதற்குத் துணை செய்யும் வாயு எது என்பது கேள்வி. நான் எழுந்து கார்பன் டை ஆக்ஸைடு என்று சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் இருப்பவள் ஆக்ஸிஜன் என்று சொல்லிப் பாராட்டு வாங்குவாள். அவள் வகுப்பில் இருபதாவது ரேங்க். நானோ முதல் மூன்றுக்குள். அதுவும் ஊரே தீப்பெட்டி அடுக்குகிற சாத்தூரில் பிறந்துவிட்டு, தீ எதனால் எரிகிறது என்று தெரியாதவளாக நிற்க வேண்டும். வீட்டில் அழுது பார்த்தேன், சோறு வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வேற பிள்ளையத் தப்பாச் சொல்ல வச்சா அதுக்கு மனசுல நின்னுரும் புள்ள. ஒனக்கென்ன, நீ நல்லாப் படிக்கிறவ. ஒன்னய யாரு மக்குன்னு சொல்லப் போறா?"

எனக்கு அந்த நியாயமெல்லாம் ஏறவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுச் சோற்றைத் தின்றேன்.

தேர்வன்று சித்தி அம்மாவின் ஊதாப் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். தேர்வாளர் கண்ணாடி போட்ட வயதான அம்மா. மெழுகுவர்த்தியைப் பற்றவைக்கச் சித்திக்கு மூன்று தீக்குச்சி ஆயிற்று. அதன் மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தாள். சுடர் சுருங்கி அணைந்தது. கேள்வியைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன். பின்பெஞ்சுக் கண்ணாடி என் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான், வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"ஆக்ஸிஜன் டீச்சர்" என்றேன், கணீரென்று.

சித்தி சிரித்த முகத்தோடு, "இல்லம்மா, அது தப்பு. நல்லா யோசிச்சுப் பாரு" என்றாள். ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம், தானாக வந்துவிட்டது. பின்னால் இருந்தவள் ஒத்திகைப்படியே எழுந்து அதே ஆக்ஸிஜனைச் சொன்னாள். "ரொம்பச் சரி, எல்லாரும் கைதட்டுங்க" என்றாள் சித்தி.

கை தட்டவில்லை, வகுப்பே சிரித்தது. அப்போதுதான் சித்திக்கு உறைத்தது. முகத்தில் அப்படியே ரத்தம் வற்றிப்போயிற்று.

பாடம் முடிந்ததும் தேர்வாளர் எழுந்து வந்தார். என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு சரியாத்தானே சொன்னா? ஏன் தப்புன்னீங்க?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னால் ஒத்திகை வெளியே வரும். அடுத்ததாக என் தலைதான் உருளும்.

சித்தி என்னைப் பார்க்கவே இல்லை. "இவ தப்பாத்தான் சொல்லுவான்னு நானே முடிவு கட்டிட்டேன் மேடம். அவ சொன்னதக் காதுல வாங்கல. தப்பு என்னோடது" என்றாள்.

தேர்வாளர் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு போனார். சித்தி சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டில் அம்மா கேட்டபோதும், நல்லபடியாக முடிந்தது என்றுதான் சித்தி சொன்னாள். நானும் கூடச் சேர்ந்து ஆமாம் போட்டேன்.

ரிசல்ட் வந்தது. சித்தி முதல் வகுப்பில் பாஸ். கல்லூரியில் இரண்டாவது இடம். எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல் என்பதையும், செய்முறையில்தான் பின்தங்கினாள் என்பதையும் அம்மா என்னிடம் சொன்னது பல வருஷங்கள் கழித்து. சித்தி அதை ஒருநாளும் சொல்லவில்லை. பதிவு மூப்பில் அவளுக்கு அரசு வேலை வர ஏழு வருஷம் ஆனது.

அந்த ஆகஸ்டிலேயே அவள் மறுபடியும் கம்பெனி வேனில் ஏறினாள். சீசன் நேரம், ஆள் தேவைப்பட்டது. தீபாவளிக்கு முந்தின நாள் கம்பெனியில் கொடுத்த கிஃப்ட் பாக்ஸைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அம்புட்டு வெடி கிடையாது. மறுநாள் சாயங்காலம், வாசலில் கம்பி மத்தாப்பைக் கொளுத்தி என் கையில் கொடுத்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சித்தி, நீங்க டீச்சர் ஆகாதது எம்புட்டு நல்லதாப் போச்சு பாத்தீகளா" என்றேன்.

அவள் என் முழங்கையைப் பிடித்து முகத்தைவிட்டுத் தள்ளி வைத்தாள்.

"கைய நீட்டிப் பிடி புள்ள. பொறி கண்ணுல பட்டுறப் போகுது."