தடுக்க ஆளில்லாத பயணம்

அந்த மருத்துவமனையில் காது பரிசோதனை அறைக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் ஊமை அறை. சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் தடித்த பஞ்சுப் பலகை அடித்திருந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் தன் மூச்சுதான் தனக்குக் கேட்கும். கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம், அறைக்கு வெளியே, ஒரு மேசை, ஒரு கருவி, ஒரு நாற்காலி. படிப்பு முடித்த கையோடு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள், முப்பதைத் தாண்டிய பிறகும் அங்கேயேதான் இருந்தாள்.

"பீப் சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, பீப் அக்கா என்ற பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. வயதில் மூத்த நர்சுகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காருபவர்களில் சிலர், சத்தமே வராதபோதும் கையைத் தூக்குவார்கள். பரீட்சையில் தோற்றுவிடக் கூடாதே என்ற பயம். அவள் சிரிக்காமல் இன்னொரு தரம் முதலிலிருந்து தொடங்குவாள்.

வீட்டில் அப்பா மட்டும். நெசவு ஆலையில் தறிகளுக்கு நடுவே வேலை பார்த்துக் காதைத் தொலைத்தவர். அம்மா இருந்தவரை அம்மாவே அவருக்குக் காது. வாசலில் யார் வந்தார்கள், தொலைக்காட்சியில் என்ன சொன்னார்கள் எல்லாம் அம்மா வழியாகத்தான் அவருக்குப் போகும். அம்மா போன பிறகு, காது கேட்கும் கருவி ஒன்றை மகளே பார்த்துப் பொருத்தினாள். ஒரு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே இரைச்சல்" என்று அலமாரியில் வைத்துவிட்டார். அவளும் வற்புறுத்தவில்லை. சாப்பாடு, மாத்திரை, கதவைச் சாத்து, விளக்கை அணை. இந்த நாலைந்து விஷயங்களுக்குள் வீட்டுப் பேச்சு சுருங்கிப்போனது. அக்கா கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அவள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் போடும் சத்தத்தில், போனிலும் பாதிப் பேச்சு அவர்களை அதட்டுவதிலேயே போய்விடும்.

ஒருநாள் ஒரு தையற்கார அம்மா, தனக்குக் கொடுத்த கருவியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"இதை நீயே வச்சுக்கோம்மா."

"ஏம்மா, சரியா வேலை செய்யலையா?"

"நல்லாத்தான் செய்யுது. ஃபேன் சுத்துறது கேக்குது, பக்கத்து வீட்டுல பாத்திரம் விழுறது கேக்குது. பேச்சு மட்டும் கேக்கல."

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கட்டுமா?"

"பேசுறதுக்கு ஆள் இருந்தாத்தானேம்மா பேச்சு கேக்கும்?" என்று சொல்லி அந்த அம்மா சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கு என்ன பதில் சொல்வது என்று அவள் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை. கருவி கொடுப்பதோடு மருத்துவமனையின் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த மனிதர் பேச்சுக்குள் திரும்பி வந்தாரா, மூலையிலேயே உட்கார்ந்துவிட்டாரா என்று யாரும் கேட்பதில்லை.

அதைக் கற்றுக்கொடுக்கிற படிப்பு எங்காவது இருக்குமா என்று தேடத் தொடங்கினாள். இருந்தது. காது மங்கியவர்களை மறுபடி பேச்சுக்குப் பழக்குவது பற்றித் தனி முதுகலைப் படிப்பே இருந்தது. ஆனால் எல்லாம் கடல் தாண்டி.

முதலில் கடைத்தெருவில் இருந்த ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை நிலையத்துக்குப் போனாள். சுவரை அடைத்து உலகப் படம். டை கட்டிய ஆலோசகர் எடுத்த எடுப்பில், "எந்த நாடு மேடம்?" என்றார்.

"நாடு எதுன்னாலும் சரிங்க. படிப்புதான் முக்கியம்" என்று தனக்கு வேண்டியதைச் சொன்னாள்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "இதெல்லாம் நம்ம லிஸ்ட்லயே இல்லையே. பேசாம ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் எடுங்க. நாடு செட்டாயிட்டா படிப்பு தானா செட்டாயிடும்."

"செருப்புக்குத் தகுந்த மாதிரி காலை வெட்டச் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அவளுடைய வாழ்க்கையில் அவ்வளவு சூடாக அவள் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பிறகு எல்லாவற்றையும் தனியாகவே செய்தாள். விஷயம் வெளியே தெரிந்து, கடைசியில் இடம் கிடைக்காமல் போனால் கேலியாகிவிடும் என்று காதும் காதும் வைத்த மாதிரி வைத்துக்கொண்டாள். மதிய இடைவேளையில் தன் மேசையில் உட்கார்ந்து மூன்று பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்று பெயர் பெற்றது. பாடத்திட்டத்தைப் பார்த்தால் பாதிக்குமேல் கருவிகளைப் பற்றியது. இன்னொன்று பெரிய நகரத்தில், செலவு எட்டாத உயரத்தில். மூன்றாவது, வருடத்தில் பாதி நாள் வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு சின்ன ஊரில். மூன்றுக்கும் மின்னஞ்சல் அனுப்பிச் சந்தேகங்கள் கேட்டாள். முதல் இரண்டிலிருந்தும் இயந்திரம் எழுதிய பதில் வந்தது. மூன்றாவதிலிருந்து ஒரு பேராசிரியை தன் கையால் எழுதியிருந்தார். இங்கே குளிர் அதிகம், மாணவர்கள் குறைவு, யோசித்து வாருங்கள் என்று. வராதே என்று சொல்வது மாதிரிதான் இருந்தது. ஆனாலும் தனக்கென்று ஒருவர் உட்கார்ந்து எழுதிய பதில் அது. மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆங்கிலத் தேர்வு எழுதப் போனாள். கேட்டு எழுதும் பகுதிக்கு எல்லாருக்கும் ஹெட்போன் கொடுத்தார்கள். அத்தனை வருடம் ஊராருக்கு மாட்டிவிட்ட பொருளைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தொடக்கத்தில் ஒரு பீப் ஒலித்தது. அவள் கை தானாக மேலே போனது. மேற்பார்வையாளர் ஓடி வந்து, "என்ன மேடம், என்ன பிரச்சினை?" என்றார். "ஒண்ணுமில்ல, பழக்கதோஷம்" என்றாள். வெளியே வந்ததும் இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. சாலையோரம் நின்று அக்காவுக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மாலையில் அக்கா திரும்பக் கூப்பிட்டபோது அந்தச் சிரிப்பு ஆறிப்போயிருந்தது. "சும்மாதான் பண்ணேன்" என்றாள்.

பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று தலைமை மருத்துவரிடம் தயங்கித் தயங்கிப் போய் நின்றாள். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நல்ல விஷயம். நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வார். ஆனால் அதைவிடக் கடினமான வேலை எதுவும் அன்றுவரை அவளுக்கு வந்ததில்லை. தன்னைப் பற்றி இன்னொருவர் என்ன சொல்வார் என்று எழுத வேண்டும். நேரம் தவறாதவர் என்று எழுதினாள். கடின உழைப்பாளி என்று எழுதினாள். அதற்குமேல் பேனா நகரவில்லை. அழுகிற குழந்தைக்குப் பொம்மையின் காதில் முதலில் ஹெட்போன் மாட்டிக் காட்டி வழிக்குக் கொண்டுவருவாள். கிழவர்களிடம் முடிவைச் சொல்லும்போது மகனைப் பார்த்துப் பேசாமல் அவர்களையே பார்த்துச் சொல்வாள். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில் வேறு யாருக்குத் தெரியும்? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நடப்பதை நின்று பார்த்தவர் யாருமில்லை. கடைசியில் மருத்துவரே பார்த்தது போல அவற்றையும் எழுதினாள். பொய்க்கையெழுத்துப் போடுகிற மாதிரி கூச்சமாக இருந்தது.

மறுநாள் கொண்டுபோய் நீட்டினாள். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். ஒருமுறை படித்துப் பார்ப்பார், "அப்படியாம்மா, பொம்மையெல்லாம் வச்சிருக்கியா?" என்று கேட்பார் என்று அவள் காத்து நின்றாள். "வேற ஏதாவது இருக்கா?" என்றார் அவர். "இல்ல சார்."

நேர்காணல் வீடியோ வழியாக, வேலை நேரத்திலேயே வந்தது. அமைதியான இடம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இந்த ஊரிலேயே தன் அறையைவிட அமைதியான இடம் எது என்ற தைரியத்தில் ஊமை அறைக்குள் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தியதும் போனில் சிக்னல் முற்றாகப் போய்விட்டது. சத்தத்தைத் தடுக்கிற சுவர் அதையும் தடுத்துவிட்டது. அலறியடித்து வெளியே ஓடி, மாடிப்படி வளைவில் ஒரு சன்னலோரம் நின்றுகொண்டாள். பின்னால் தள்ளுவண்டிகள் உருண்டுகொண்டிருந்தன. அந்தப் பேராசிரியைதான் திரையில் வந்தார். படிப்பைப் பற்றி என்னென்னவோ கேட்டுவிட்டு, வீட்டில் நீங்கள் யாரோடு பேசுவீர்கள் என்று கேட்டார்.

தயார் செய்து வைத்திருந்த பதில்களில் அது இல்லை. "அப்பா இருக்கிறார்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவருக்குக் காது கேட்காது" என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "ஊராருக்கெல்லாம் காது பார்க்கிறேன். எங்கள் வீட்டில்தான் நாங்கள் பேசுவதில்லை" என்று ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். சொன்ன பிறகு, கெடுத்துக்கொண்டோம் என்று தோன்றியது.

பெயர் பெற்ற இடமும் பெரிய நகரமும் கைவிரித்தன. சின்ன ஊர் இடம் கொடுத்தது. அங்குள்ள காது மையத்தில் பகுதி நேரம் வேலை செய்தால் கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடி. வேலைக்கு நடுவே செய்தி வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார். அவள் பீப் எதுவும் கொடுக்கவேயில்லை.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். "அப்பா, வெளிநாட்டுக்குப் படிக்கப் போறேன்."

"சாப்பிட்டாச்சு" என்றார் அவர்.

ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். இரண்டு தரம் படித்தார். வயசாச்சே, கல்யாணம் என்னாச்சு, என்னை யார் பார்ப்பது என்று அவர் கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் அவள் வழி நெடுகப் பதில் தயார் செய்து வந்திருந்தாள். அப்பா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "சரி, போயிட்டு வா."

அவ்வளவுதான். அக்காவும் அப்படியே. "போடி, போ. அப்பாவை நான் பாத்துக்கறேன். இப்பவாச்சும் உனக்குன்னு ஒண்ணு செய்யணும்னு தோணுச்சே." மருத்துவமனையில் கூட வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைப் பெண் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நான் பக்கத்து ஊருக்கு ஒரு ட்ரெயினிங் போறேன்னாலே எங்க வீட்டுல மூணு நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க. உங்களுக்கென்ன அக்கா, தடுக்க யார் இருக்கா?"

வாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் பீப் அக்காவுக்கு அந்த வார்த்தை முள்ளாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சண்டை போட்டு ஜெயித்துப் போவதற்காகத் தன்னைத் தயார் செய்திருந்தாள். ஒருவர்கூட எதிரே வந்து நிற்கவில்லை. போகாதே என்று ஒரே ஒருவர், ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். போவதை அவள் நிறுத்தியிருக்க மாட்டாள். ஆனாலும் அந்தச் சொல்லைக் கூடவே எடுத்துப் போயிருப்பாள்.

விமான நிலையத்தில் ஒவ்வொரு பையனையும் பெண்ணையும் சுற்றி ஒரு கூட்டம் அழுதுகொண்டிருந்தது. அவளுடன் அப்பாவும் அக்காவும். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டே பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தாள். அப்பா கூரையையும் விளக்குகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் உள்ளே போகும் வரிசையில் நகர்ந்து பாதி தூரம் போனபோது, பின்னாலிருந்து, ஆலையில் தறிச் சத்தத்தை மீறி அப்பா கூப்பிடுவாரே, அந்தக் குரல் வந்தது.

"குளிரும்! காதை மூடிக்கோ!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினாள். முகத்தை முன்னால் திருப்பிக்கொண்ட பிறகுதான் அழுதாள். முன்னால் நின்ற பெண் ஒன்றும் கேட்காமல் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள்.

சின்ன ஊர், பேராசிரியை எழுதியது போலவேதான் இருந்தது. மதியத்துக்குப் பிறகு வெளிச்சம் வடிந்துவிடும். வகுப்பில் மற்றவர்கள் கல்லூரியை விட்டு நேரே வந்த இளசுகள். மரியாதையாகப் பேசுவார்கள், வெளியே போகும்போது கூப்பிட மறந்துவிடுவார்கள். அவளுடைய அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, எதிர்க் கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஒரு சன்னல். சில நாட்கள் காலையில் கடையில் சொல்லும் நன்றியைத் தவிர அவள் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. தன் குரல் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று அறைக்குள் பாடத்தைச் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொள்வாள்.

காது மையத்தில் வயதானவர்களை வட்டமாக உட்காரவைத்து வாரம் ஒருமுறை பேசப் பழக்குவார்கள். அங்கேதான் அவள் ஒரு சாதாரண விஷயத்தைக் கற்றாள். காது மங்கியவரிடம் கத்தக் கூடாது. எதிரே உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி, நிதானமாகப் பேச வேண்டும். புத்தகத்தில் அவளும் படித்ததுதான். தான் எத்தனை வருடம் சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் முதுகைக் காட்டிக்கொண்டு அப்பாவிடம் கத்தியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு, அக்கா வீட்டில் இருந்த அப்பாவை அக்காவின் போனில் வீடியோவில் கூப்பிட்டாள். மேசை விளக்கைத் தன் முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, இன்னைக்கு என்ன செஞ்சீங்க?"

அவர் திரையை உற்றுப் பார்த்தார். "காலையில நடந்துட்டு வந்தேன். பேரன் டியூஷன் போற பஸ்ஸை விட்டுட்டான். நான்தான் கொண்டுபோய் விட்டேன்" என்றார். பிறகு அவராகவே ஆச்சரியப்பட்டு, "நீ சொல்றது எனக்குப் புரியுதே!" என்றார்.

அன்று முதல் ஞாயிறுதோறும் பேசினார்கள். ஆலையில் யாரோ ஒருவன் சாப்பாட்டுப் பாத்திரத்தில் தவளையைப் போட்ட கதை, அம்மாவைப் பெண் பார்க்கப் போய் வழி தவறி வேறு வீட்டில் உட்கார்ந்திருந்த கதை என்று, ஒரே கூரையின் கீழ் இருந்தபோது வராத கதையெல்லாம் கடல் தாண்டி வந்தது. சில வாரங்களில் எல்லாம் சரியாகிவிட்டதாக அர்த்தமில்லை. சில ஞாயிறுகளில் படம் உறைந்து நின்றுவிடும். அப்பா பாதிச் சொல்லில் வாயைத் திறந்தபடி நிற்பார், அவள் காத்திருப்பாள்.

படிப்பை முடித்தாள். மையத்திலேயே வேலையும் கொடுத்தார்கள். ஊர் திரும்புவதா, இருப்பதா என்று ஒரு ஞாயிறு அப்பாவிடமே கேட்டாள்.

"உனக்கு எது நல்லதோ அது" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "இவ்வளவு தூரம் வேணாம்னு அன்னைக்கே சொல்லணும்னு நினைச்சேன். என் பேச்சு உன்னைக் கட்டிப் போட்டுடுமோன்னு விட்டுட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். அக்காவின் பிள்ளைகள் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். திரையில் தரையும் செருப்புகளும் ஆடிக் குலுங்கின. பிறகு திரை இருண்டது. அவள் விளக்கைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். அறை மறுபடி அமைதியானது. துவைக்க வேண்டிய துணிகளை எடுத்துக்கொண்டு கீழே போனாள். போவதா, இருப்பதா என்று அந்த வருடம் முழுக்க அவள் முடிவு செய்யவில்லை.