ஆறாவது பாட்டின் கடைசியில்

அண்ணனுக்குக் காது கேட்காமல் போனது எனக்குத் தெரியும். போனில் அவர் இருந்த பாட்டு ரசிகர் குழுவுக்குத் தெரியாது. இரண்டு வருடம் அப்படியே ஓடியது. அதற்குப் பாதிக் காரணம் அவர், மீதிக் காரணம் நான்.

அண்ணன் திண்டிவனத்தில் ஐடிஐ முடித்த கையோடு போர்வெல் வண்டியில் ஏறியவர். ஆந்திரா, மராட்டியம், மத்தியப் பிரதேசம் என்று வண்டி போன இடமெல்லாம் போனார். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்களாம், அதுவும் பாதி நாள் இருக்காது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பது வயதில் முதுகு விட்டுப்போய் செஞ்சிக்குத் திரும்பி என் வீட்டிலேயே தங்கிவிட்டார். என் வீட்டுக்காரருக்குச் சென்னையில் வேலை, மாதம் இரண்டு முறை வருவார். ஆக, வீட்டில் பெரும்பாலும் நாங்கள் இருவர்தான்.

வண்டியில் ஏறுவதற்கு முந்தின வாரம் பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய கேசட் வாங்கியிருக்கிறார். அட்டையில், பாறைமேல் பாறையாக அடுக்கிய ஒரு குன்றின் அடியில் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் முதுகைக் காட்டி நிற்கிறார். “நம்ம ஊரு மலையாண்ட வந்து போட்டோ புடிச்சிக்கினு போயிருக்கான்னு நெனச்சித்தான் வாங்கினேன்” என்பார் அண்ணன். அது நம் ஊர் மலை இல்லை. ஆனால் உள்ளே இருந்த ஒன்பது பாட்டும் அவரோடு ஒட்டிக்கொண்டன. அந்த ராக் பாடகர் பிறகு உலகப் பெயர் எடுத்துவிட்டார், இப்போது எழுபதைத் தாண்டிய கிழவர். அண்ணனிடம் இருந்ததோ அவர் பெயர் வாங்குவதற்கு முன்னால் வந்து, யாரும் சீந்தாமல் போன ஆல்பம். அண்ணன் அகராதியைப் புரட்டிப் புரட்டி அந்த வரிகளிலிருந்துதான் ஆங்கிலமே கற்றார்.

போனில் குழுக்கள் வந்த பிறகு, அந்தப் பாடகருக்குத் தமிழில் பேசுகிற ரசிகர்கள் நாற்பது பேர் சேர்ந்த ஒரு குழுவில் அண்ணனும் சேர்ந்தார். அங்கே அவருக்கு நல்ல மரியாதை. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் கிடார் ஒரு நொடி பிந்துகிறது, எங்கே மூச்சு வாங்குகிறார் என்றெல்லாம் எழுதுவார். ‘அண்ணா காது யாருக்கும் வராது’ என்று பதில் வரும். காது போன பிறகு யாராவது போன் செய்தால் எடுக்கமாட்டார். ‘இங்க டவர் இல்ல’ என்று எழுதிவிடுவார்.

எதிரில் உட்கார்ந்து வாயைப் பார்க்கும்படி நிதானமாகப் பேசினால் அவருக்குப் புரியும். வாயால் புரியாததைச் சீட்டில் எழுதிக் காட்டுவேன். பாட்டு மட்டும் போய்விட்டது. அதை அவர் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

போன வருடம் அந்தப் பழைய ஆல்பத்தைப் இரைச்சல் நீக்கிச் சுத்தம் செய்து, அப்போது சேர்க்காமல் விட்ட மூன்று பாட்டுகளோடு மறுபடி வெளியிட்டார்கள். குழுவில் திருவிழாதான். எல்லோரும் அண்ணன் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். மூன்று நாள் அவர் ஒன்றும் எழுதவில்லை. நான்காம் நாள் காலை நான் டூட்டிக்குக் கிளம்பும்போது போனையும் இயர்போனையும் கொண்டுவந்து நீட்டினார்.

“நீ கேட்டுச் சொல்லு.”

நான் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகள் வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்பது என் அன்றாட வேலை. அதற்கு மேல் என் காதுக்கு ஒரு பழக்கமும் இல்லை. பாட்டுக் கேட்கிற ஆளும் இல்லை. ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, “நல்லா இருக்குதுண்ணா” என்றேன்.

“நல்லா இருக்குதுன்னா எனக்கு இன்னா தெரியும்? கொரலு முன்னாடி நிக்குதா, பின்னாடி நிக்குதா? மோளம் எந்தக் காதுல வருது? அத்த சொல்லு.”

அதன்பிறகு தினம் காலையில் ஒரு பாட்டு. நான் கண்ணை மூடிக் கேட்பேன், அவர் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பழைய பதிவையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்கச் சொல்வார். ஒருநாள் நான், “முன்ன பக்கத்து ரூம்ல இருந்து பாடின மாதிரி இருந்துச்சு, இப்ப எதிர்ல உக்காந்து பாடற மாதிரி இருக்குது” என்றேன். அதை அப்படியே குழுவில் எழுதினார். அன்றைக்கு முழுக்க அவர் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது.

ஆறாவது பாட்டுக்கு முன்னால் அவர் சொன்னார். “இது முடியும்போது கிடாரு நின்னுடும். ஆனா டேப்ப நிறுத்தமாட்டாங்க. அப்ப அந்த ஆளு மெதுவா தொண்டயக் கனைப்பாரு. இருக்குதா பாரு.”

“அது இன்னாத்துக்குண்ணா?”

“மத்ததெல்லாம் பாட்டு. அது மட்டும்தான் ஆளு. வண்டில கம்ப்ரசர நிறுத்திட்டுப் படுப்பேன். அந்தக் கனைப்பு வந்ததும், யாரோ பக்கத்துல இருக்கறாப்பல இருக்கும்.”

பழையதைக் கேட்டேன். இருந்தது. ஒரு சாதாரண மனிதன் வேலை முடிந்து செய்கிற கனைப்பு. புதியதைக் கேட்டேன். கிடார் நின்றது, சுத்தமான அமைதி, அவ்வளவுதான். இன்னும் இரண்டு தடவை கேட்டேன். துடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

கண்ணைத் திறந்தபோது அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையின் முகம்.

“இருக்குது” என்றேன்.

அவர் உடனே குழுவில் எழுதினார். ‘எல்லாத்தையும் கழுவினவங்க அந்தக் கனைப்புல கை வைக்கல. அதுக்கே அவங்களக் கும்பிடணும்.’

அரை மணி நேரத்தில் திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் பதில் போட்டார். ‘சார், நான் நாலு தடவை கேட்டுவிட்டேன். அது இல்லை. எடுத்துவிட்டார்கள்.’ ஓசூரில் டயர் கடை வைத்திருக்கும் ஒருவர் குறுக்கே வந்தார். ‘அண்ணா சொன்னா இருக்கும். உங்க ஸ்பீக்கரை மாத்துங்க சார்.’ குழு இரண்டாகப் பிரிந்தது. அண்ணனின் பேச்சை நம்பிச் சிலர் தங்களுக்கும் லேசாகக் கேட்பதாக எழுதினார்கள். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு அந்த ஆசிரியர் பொறுமை இழந்து, ‘உங்களுக்கெல்லாம் காது செவிடா?’ என்று எழுதிவிட்டார்.

அண்ணன் அதைப் படிக்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

டயர் கடைக்காரர்தான் வழி சொன்னார். புதுப் பதிப்பின் இசைத்தட்டை அவர் வரவழைத்திருந்தார். பிளேயரோடு செஞ்சிக்கு வந்துவிடுவதாகவும், அண்ணன் முன்னால் வைத்தே கேட்டுவிடலாம் என்றும் எழுதினார். திருச்சிக்காரரும் ஒப்புக்கொண்டார். அண்ணன் ஒரே வார்த்தையில் ‘வாங்க’ என்று பதில் போட்டார்.

நான் பயந்துபோய், “ஏண்ணா வரச் சொன்ன?” என்றேன்.

“எத்தினி நாளைக்கு டவர் இல்லன்னு சொல்லிக்கினு இருக்கறது? நீ கூட இரு. நீதான கேட்ட?”

அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. மேல்மலையனூர் கோயில் கூட்டத்துக்கு மருத்துவ முகாம் போடுவார்கள், எனக்கு அங்கே டூட்டி. டூட்டியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், ஆள் இல்லை என்றுவிட்டார்கள். காலையில் கிளம்பும்போது அண்ணன் சட்டை மாற்றி, ஹாலைப் பெருக்கி, நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்று அவரைக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை, கேட்கவில்லை. உள்ளே போய்த் தோளைத் தொட்டு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டேன்.

முகாமில் மயங்கி விழுந்தவர்களுக்கு உப்புக் கரைசல் கலக்கிக் கொடுத்தேன், பிரஷர் பார்த்தேன். கை வேலை செய்தது, மனசு வீட்டில் இருந்தது. மதியம் ஸ்பெஷல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தபோது ஒன்றரை மணி. வாசலில் வெளியாட்களின் செருப்பு இரண்டு ஜோடி. உள்ளே பாட்டுச் சத்தம் இல்லை.

டிவி மேசையில் பிளேயர் இருந்தது. ஸ்பீக்கர் பெட்டியை நாற்காலியில் வைத்திருந்தார்கள். அண்ணன் அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்புக்காரர் எழுந்து கும்பிட்டார். அவர்தான் டயர் கடைக்காரர்.

“அக்கா, அண்ணா எங்களாண்ட சொல்லிட்டாரு. வந்த ஒடனே சொல்லிட்டாரு.”

“இன்னா சொன்னாரு?”

“காது கேக்காதுன்னு. இத்தன நாளும் நீங்க கேட்டுச் சொன்னீங்கன்னு.”

திருச்சி ஆசிரியர், நரைத்த தாடி வைத்த ஒல்லியான மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அஞ்சு பாட்டு கேட்டோம் மேடம். ஆறாவது போடல. நீங்க வரட்டும்னு சொல்லிட்டார்.”

அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வந்துட்டியா, உக்காரு என்பதுபோல. அவர் நிம்மதியாக இருந்தது தெரிந்தது. தன் பக்கம் சாட்சி வந்துவிட்டதென்ற நிம்மதி.

நான் அவர் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். வாய் அவருக்குத் தெரிய வேண்டும். “அது இல்லண்ணா” என்றேன். “எடுத்துட்டாங்க. நான் பொய் சொன்னேன்.”

அவர் புருவத்தைச் சுருக்கினார். புரியவில்லையா, புரிந்ததை ஏற்கவில்லையா என்று தெரியவில்லை. பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அதையே எழுதிக் கொடுத்தேன். படித்தார். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டயர் கடைக்காரரிடம், “போடுங்க” என்றார்.

ஆறாவது பாட்டை நாங்கள் நாலு பேரும் கேட்டோம். அண்ணன் கையைப் பெட்டிமேல் அழுத்தி வைத்திருந்தார். மேளத்தின் அதிர்வு அவர் விரல்களில் தெரிந்தது. பாட்டு முடிந்து அதிர்வு நின்றதும் தலையை நிமிர்த்தி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தக் கனைப்பு வர வேண்டிய நேரம் வந்து, கடந்து போனது. ஒருவர் முகத்திலும் எதுவும் மாறவில்லை. அவர் கையை எடுத்துவிட்டார்.

திருச்சி ஆசிரியர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, மெதுவாக, “அன்னைக்கு நான் எழுதுனது தப்பு சார். மன்னிச்சுடுங்க” என்றார்.

“உங்க காதுல ஒண்ணும் தப்பு இல்ல சார்” என்றார் அண்ணன்.

சாப்பிட்ட பிறகு டயர் கடைக்காரர் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணன் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். முதுகு வலியோடு பாதி மலைகூட ஏறியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். வெயில் சாயும் நேரத்தில் அவர்களை பஸ் ஏற்றிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். கால் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“ஏன் அப்படிச் சொன்ன?”

“நீ வருத்தப்படுவன்னுதான்.”

“பட்டா பட்டுட்டுப் போறேன். காதும் போச்சு. வருத்தப்படறதயும் நீயே எடுத்துக்கினா எனக்கு இன்னா இருக்குது?”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே குழுவில் எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் காட்டினார். ‘எனக்கு ரெண்டு வருஷமா பாட்டு கேக்கறதில்ல. புதுப் பதிப்பைப் பத்தி நான் எழுதினதெல்லாம் என் தங்கச்சி கேட்டுச் சொன்னது. ஆறாவது பாட்டுல கனைப்பு இல்ல. திருச்சி சார் சொன்னதுதான் சரி.’

பலர் ஆறுதல் எழுதினார்கள். நாகர்கோவிலில் இருந்து ஒரு பெண், ‘உங்களை நம்பி எனக்கும் அது கேட்டதாகச் சொல்லிவிட்டேன். இனி எதை நம்புவது?’ என்று கேட்டிருந்தார். அண்ணன் பதில் போட்டார். ‘பழசைப் பத்தி எழுதினது என் காது. அதை நம்புங்க. புதுசைப் பத்தி எழுதினது என் தங்கச்சி காது. ஒண்ணைத் தவிர மத்ததை நம்பலாம்.’ அந்தப் பெண் அதற்குப் பதில் எழுதவில்லை. குழுவைவிட்டுப் போகவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடி இயர்போனை நீட்டினார். இந்தத் தடவை, அன்று சேர்க்காமல் விட்டிருந்த மூன்று பாட்டுகள். அவை அவர் காது நன்றாக இருந்த நாளிலும் கேட்டிராதவை. முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, “கொரலு களைச்சுப் போயிருக்குது. நடுவுல ஒரு எடத்துல வார்த்தய மறந்துட்டு வெறுமனே முணுமுணுக்கறாரு. எனக்குப் புடிக்கல” என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மறுநாள் இரண்டாவது பாட்டு. நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையை உயர்த்தி நிறுத்தினார்.

“போதும்மா. பழைய பாட்டுன்னா நீ சொல்லச் சொல்ல எனக்குள்ள பாட்டு ஓடும். இது ஓடல. நீ பேசறது மட்டும்தான் தெரியுது.”

போனை வாங்கி இயர்போனைச் சுருட்டி வைத்தார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவரே ஞாபகப்படுத்தினார்.