தெலுங்கு ‘லே’

படப்பிடிப்பின் சண்டைக்காட்சியில், அடி விழுவதற்கு முன்பே விஜய்பாண்டி ஈரப்பாறையில் வழுக்கி விழுந்தார். மைக்கில் இயக்குநர் கத்தினார்.

“லே! லே!”

எதிர்க்கோஷ்டியில் அட்டை அரிவாளோடு நின்ற மந்திரமூர்த்திக்கு முகம் மாறியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேமராவைத் தாண்டி நேராக இயக்குநரிடம் போனார்.

“யாரப் பாத்து லேங்குதீரு? எந்தம்பிவே அவன்.”

தம்பி என்ற சொல்லை அவர் சொல்லிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

மந்திரமூர்த்தி குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். தம்பி புளியறையில் லோடுமேன். தெலுங்குப் படத்துக்கு அடியாட்கள் வேண்டுமென்று தென்காசி ஏஜெண்ட் செல்லப்பா இரண்டு ஊரிலும் உடம்புள்ள ஆட்களாகப் பிடித்து வந்திருந்தார். படத்தில், சிறுவயதில் பிரிந்த அண்ணனும் தம்பியும் யாரென்று தெரியாமல் பழிவாங்கப் புறப்படுகிறார்கள். இவர்களுக்கு நன்றாகத் தெரியும். காலையில் இட்லி வரிசையில் எதிரெதிரே வந்தபோது இருவரும் மலையைப் பார்த்தார்கள்.

அப்பா இறந்த அன்று விஜய்பாண்டி கொல்லத்தில் வேலையில் இருந்தார். மழையில் பஸ் மாட்டிக்கொண்டது. அவர் வருமுன் எடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள், அண்ணன் தடுக்கவில்லை. பதிலுக்குத் தன் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு அண்ணனை விட்டுவிட்டு ஊரையே கூப்பிட்டார் தம்பி. இப்போது ஆவணியில் மந்திரமூர்த்தியின் மகள் ஜெயபிரியாவுக்குக் கல்யாணம். சித்தப்பா வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்கிறாள். அவருக்கான பத்திரிகை பைக் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. “போயி, கதவ அடைச்சிட்டாம்னா?” என்பார் மந்திரமூர்த்தி.

உதவி இயக்குநர் ஜோதிலட்சுமி ஓடிவந்தாள். சித்தூர்க்காரி, தமிழ் தெரியும்.

“அண்ணா, இது உங்க ஊரு ‘டேய்’ இல்லை. தெலுங்குல லேன்னா எழுந்திரு. சார் திட்டலை.”

கூட்டம் சிரித்தது. கீழே கிடந்தவரும் சிரித்தார்.

“அட்ட அருவாள வச்சிக்கிட்டு எங்கண்ணன் வெட்டப் போறாவளாம்!”

மந்திரமூர்த்தி திரும்பி வந்து கையை நீட்டினார்.

“லே.”

“இது தெலுங்கா, நம்ம ஊரா?”

“ரெண்டுந்தாம்லே. எந்திரி.”

எண்ணெய் ஊறிய கை வழுக்கியது. விஜய்பாண்டி அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து எழுந்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

“அன்னைக்கும் எனக்காவ இப்படி ஒரு சண்ட போட்டிருக்கலாம்லா.”

“போட்டிருக்கணும்” என்றார் அண்ணன். கையை விடாமல், “ஆவணில பிள்ளைக்குக் கல்யாணம்” என்றார்.

“ஊர் பூரா சொல்லுது. நீ சொல்லல.”

“நாளைக்கு வீட்டுக்கு வாரேன்.”

“வா.”

மைக் மறுபடி கத்தியது. இருவரும் அவரவர் கோஷ்டிக்குப் போனார்கள்.

மறுநாள் சாரல் பலத்ததால் படப்பிடிப்பு இல்லை. மந்திரமூர்த்தி மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் புளியறைக்குப் போனார். தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக் கொடுத்தார். பத்திரிகையின் ஓரம் நனைந்திருந்தது. விழுந்ததில் விஜய்பாண்டிக்கு இடுப்பு பிடித்திருந்தது. அண்ணன் எண்ணெய் தேய்த்துவிட்டார். மதியம் மீன்குழம்பு. சாப்பிட்டுவிட்டு, மழை விட்டதும் திரும்பினார்கள்.