புல்லை முளைக்கவிட்டவள்

என் ஓரகத்தியிடம் நான் வாயைக் கொடுப்பதில்லை. கொடுத்துத் தப்பியவரும் இல்லை. அவள் புருஷன், அதாவது என் கணவரின் அண்ணன், லாரி ஓட்டப் போய்விடுவதால், வயலில் பாடுபடுவது அவள்தான். ஆனால் என்ன விதைப்பது, எப்போது மருந்தடிப்பது என்பதெல்லாம் மாமனார் வாயிலிருந்துதான் வரவேண்டும். அடிப்பவர் என் வீட்டுக்காரர். ஊருக்கே களைக்கொல்லி அடிப்பவர் அண்ணன் வயலை விடுவாரா?

போன வெள்ளாமையில் இரண்டு மடங்கு அடித்தும் மக்காச்சோளத்துக்குள் நின்ற புல் அசைந்துகொடுக்கவில்லை. வேறு மருந்து பார்க்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். ஓரகத்தி நேராக மாமனாரிடம் போய் நின்றாள்.

"இந்தத் தடவை என் இஷ்டத்துக்கு விடுங்க மாமா. வெளையலேன்னா ஒதுங்கிக்கிறேன்."

"வெளையலேன்னா வயலைச் சின்னவன் பாத்துக்குவான். அப்புறம் அழக்கூடாது."

ஊரெல்லாம் விதைக்க, இவள் வெறும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். புல் மளமளவென்று முளைத்தது. டீக்கடையில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மானம் கப்பலேறிவிட்டது. அவளோ மேல்மண்ணை மட்டும் லேசாகக் கிளறி, அத்தனை புல்லையும் வெயிலில் காயப்போட்டாள். ஆழமாக உழுதால் அடியில் கிடக்கும் களைவிதை மேலே வந்துவிடுமாம். அதற்குப் பிறகுதான், களையெடுக்கும் தள்ளுவண்டி போக இடம்விட்டு வரிசையாக விதைத்தாள்.

பயிர் தலைகாட்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் வண்டி இறங்காது. மிச்சமிருந்த புல் மறுபடி கிளம்பியது. ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் மருந்து டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்ப, நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் வரப்பை மறித்து நின்றாள்.

"அண்ணி, பாவமா இருக்குன்னுதான் வந்தேன்."

"பாவத்தை உங்க வீட்டோட வச்சுக்குங்க தம்பி. மேட்டோரத்துக் கோரை எனக்கு அடங்கலை, அதுக்கு மட்டும் அடிங்க. பயிருக்குள்ள கால் வச்சீங்க, டேங்க்கைப் பிடுங்கிருவேன்."

கோரைக்கு மட்டும் அடித்துவிட்டு வந்தார். பிடுங்கக்கூடியவள் என்று அவருக்குத் தெரியும்.

ஈரம் காய்ந்ததும் வண்டியைத் தள்ளினாள், தள்ளிக்கொண்டே இருந்தாள். உள்ளங்கை கொப்புளித்து உரிந்தது. நான் ஒரு வரிசை தள்ளிப் பார்த்தேன், மறுநாள் தோளைத் தூக்க முடியவில்லை.

விளைச்சல் போன தடவைக்குக் குறையவில்லை. மாமனார் வயலைச் சுற்றி வந்து, ஓரஞ்சாரமாக நின்ற புல்லைக் காலால் இடறினார்.

"வெளைஞ்சிருக்கு. ஆனா பொம்பளை எத்தனை நாளைக்கு வண்டி தள்ளுவே? இனிமே சின்னவனே பாக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயல் எங்கள் கைக்கு வருகிறது என்றாலும் அநியாயம் அநியாயம்தானே!

"வெளையலேன்னா ஒதுங்கறேன்னுதான் சொன்னேன்," என்றாள் ஓரகத்தி. "வெளைஞ்சிருக்கு. ஒதுங்க மாட்டேன் மாமா."

மாமனார் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்த பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அடுத்து என்ன போடப்போறே?"

இந்தக் கேள்வியை அவர் பெற்ற பிள்ளைகளிடம்கூடக் கேட்டதில்லை. அவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"முடிவு பண்ணிட்டுச் சொல்றேன் மாமா."