கார்டன் ரீச்சில் கட்டம் கட்டமாக ஒரு கங்கை

போன பிப்ரவரியில் நான் கொல்கத்தா போனது ஊர் பார்க்க அல்ல. தம்பி சேகரைக் கையோடு திருச்சிக்குக் கூட்டி வர. துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், தனிக்கட்டை. ஆற்றோரப் பகுதியான கார்டன் ரீச்சில் மூன்றாம் மாடி வாடகை வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து கங்கையை வரைவதுதான் அவன் உலகம். எதிரே ஐந்து மாடிக் கட்டிடம் வந்து கங்கையை மறைத்துவிட்டது என்று போனில் சொன்னான். அதற்கப்புறம் இவன் அங்கே எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று ஒரு வருடம் அரித்துக்கொண்டே இருந்தது.

சென்னையில் காலை ஏழு மணிக்கு ரயில். 1,660 கிலோமீட்டர்; மறுநாள் பதினொன்றரைக்கு ஹவுரா. அங்கிருந்து பத்து கிலோமீட்டர், மஞ்சள் டாக்சிக்கு 400 ரூபாய். கிடர்பூரில் லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே இருபத்தைந்து நிமிடம் நின்றோம். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, "தீதி, சா காபேன்?" என்றார். டீ குடிக்கிறீர்களா என்கிறார். குடித்தோம், வேறென்ன செய்ய?

சேகர் படங்களை வரிசையாக மாட்டியிருந்தான். முதலில் படகு, படித்துறை, குளிக்கிற மனிதர்கள். அடுத்ததில் எதிர்க் கட்டிடத்தின் மூங்கில் சாரம், குறுக்கும் நெடுக்குமாக. அதற்கடுத்ததில் மூங்கிலைக் காணோம். அது ஆற்றை வெட்டிய கட்டங்கள் மட்டும். கடைசிப் படங்களில் படகும் இல்லை, ஆளும் இல்லை. வெறும் சதுரங்கள்.

"என்னடா இது, பாத்ரூம் டைல்ஸ் மாதிரி?"

சிரித்தான். "சாரம் கட்டினப்ப அழுகையா வந்துதுக்கா. அப்புறம் பார்த்தா ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் ஒரு கலர். இத்தனை வருஷமா படகைப் பார்த்துக்கிட்டு, கலரைப் பார்க்காம விட்டிருக்கேன்."

"இப்ப வெறும் சுவர்தானே இருக்கு? ஊருக்கு வந்துடு."

"நாலு மணி வரைக்கும் இங்க உக்காரு. அப்புறம் கூப்பிடு, வரேன்."

உட்கார்ந்தேன். நாலு மணிக்கு எங்கள் மாடியின் நிழல் எதிர்ச் சுவரில் ஏறி, வெயிலை ஒரு பெரிய மஞ்சள் முக்கோணமாக வெட்டியது. சேகர் நான் இருப்பதையே மறந்து வரைந்துகொண்டிருந்தான். இவன் இத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. கூப்பிட வாய் வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிப்ரவரி நல்ல மாதம். ஒரு ஸ்வெட்டர் போதும். டாக்சியில் ஏறுமுன் தொகையைப் பேசிவிடுங்கள். கரியாஹாட்டில் புடவை வாங்குகிறவர்கள் பதினோரு மணிக்கு மேல் போங்கள். பேரம் பேசக் கூச்சப்படாதீர்கள். எத்தனை நாள் தங்கலாம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். கிளம்பும்போது சேகர், "நீ மட்டும் அங்க தனியா என்னக்கா பண்ணப் போறே?" என்றான். ரயில் முழுக்க அதையே யோசித்துக்கொண்டு திருச்சி வந்து சேர்ந்தேன். அடுத்த மாதம் மறுபடி போகிறேன். போவதற்கு மட்டும்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.