என் ஜீப்பைவிட மூத்த விமானம்

மூணாற்றில் நான் ஓட்டும் ஜீப், முப்பது வருடமாகத் தேயிலை மூட்டை முதல் கல்யாணக் கூட்டம் வரை எல்லாவற்றையும் சுமக்கிறது. "இந்தக் கிழட்டு வண்டி மேலே ஏறுமா?" என்று கேட்கும் சுற்றுலாப் பயணிகளைக் கேலி செய்வதில் நான் கில்லாடி.

மனைவியோடு லடாக் போயிருந்தபோது பனி சாலையை மூடிவிட, எங்களை விமானப்படையின் சரக்கு விமானத்தில் அனுப்ப ஏற்பாடானது. அரிசி மூட்டைகளை இறக்கி முடித்திருந்தார்கள். அதன் பின்வாசல் சரிவில் நின்று, தமிழ் பேசிய வீரர் ஒருவரிடம் விமானத்தின் வயதைக் கேட்டேன்.

"நான் பொறக்குறதுக்கு முன்னாடியே சர்வீஸ்ல சேந்துருச்சு அண்ணே. அரிசி, ஆடு, பட்டாளம், நோயாளி எல்லாம் ஏத்தும். உங்களையும் ஏத்தும்."

பக்கத்துக் கம்பியைக் கட்டிப்பிடித்து, "இது பறக்காது, நான் மூணாறுக்கு நடந்தே போயிக்கிறேன்" என்று கத்தினேன்.

"ஏங்க, பின்னாடி பாருங்க" என்றாள் மனைவி. ஸ்ட்ரெச்சரில் ஒரு முதியவர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்தபடி அவர் மகள். நான் நகர்ந்தால்தான் அவரை ஏற்ற முடியும். "வழிய விடுங்க. நம்ம ஜீப்புல, மலை வளைவுல பயந்து அழுத அந்தச் சென்னை அம்மாவ எத்தன நாள் நக்கலடிச்சீங்க!" என்றாள் மனைவி.

விலகினேன். என்னைக் கடக்கும்போது அந்த முதியவர் கையை நீட்டி, பயப்படாதே என்பதுபோல என் விரல்களைத் தட்டிக்கொடுத்தார்.

தரையிறங்கியதும் ஆம்புலன்ஸ் அவரைக் கொண்டுபோனது. பிழைத்தாரா, தெரியாது. நான் வீணாக்கிய அந்த ஐந்து நிமிடமும் அவருடையது.

ஜீப் ஸ்டாண்டில் என் மானத்தை வாங்கும் எந்தக் கதையையும் மனைவி விட்டுவைத்ததில்லை. இதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.