கோங்காய்

என் அம்மாவுக்குப் பயப்படக் காரணமே வேண்டாம். ஆனால் அன்று காரணம் இருந்தது. நாங்கள் குடியிருந்த சான் ஹோசேயில் வியட்நாம்காரர்கள் நடத்திய ஒரு பெரிய கடைக்குள் அப்பாவின் மூத்த அண்ணனைத் தொலைத்துவிட்டிருந்தாள்.

பெரியப்பா பாண்டிச்சேரியிலிருந்து வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். இவரும் ஒரு சொல்தா. இளவயதில் வியட்நாமில், சைகோனில் இருந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தோற்றதும் கப்பலேறி ஊர் திரும்பினார். வந்து மூச்சு விடுவதற்குள் பாண்டிச்சேரியிலும் அவர்கள் கொடியை இறக்கிவிட்டார்கள். "அண்ணன் கால் வெச்ச எடத்துல எல்லாம் கொடி எறங்கிடும்" என்று அப்பா கிண்டல் செய்வார். பெரியப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சைகோனைப் பற்றி வாய் திறந்ததும் இல்லை.

வாழைப்பூவும் முருங்கைக்காயும் கிடைக்கிறதே என்றுதான் அம்மா அந்தக் கடைக்குப் போவாள். அன்று கொத்தமல்லியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், பின்னால் வந்துகொண்டிருந்த பெரியப்பாவைக் காணோம்.

"பெரியப்பா எங்கடி?"

"ஐ டோன்ட் நோ மா."

"ஒன்னத்தானே பாத்துக்கச் சொன்னேன்! அவருக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை வராதே. ஃப்ரீவே பக்கம் நடந்து போயிட்டார்னா? ஒங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். பார்க்கிங் லாட்டுக்கு அப்பால் ஃப்ரீவே இரைந்துகொண்டிருந்தது. வேட்டி கட்டிய ஒருவர் அதைக் கடக்க முயல்வதாக நினைத்துப் பார்த்தேன். எட்டு வயதில் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டேன். அங்கே அவர் இல்லை. மறுபடியும் உள்ளே ஓடினோம்.

கடைக்கோடியில், மீன் விற்கும் இடத்தில் நின்றிருந்தார். எதிரே அவர் வயதில் ஒரு வியட்நாம் அம்மாள். எங்களிடம் நாலு வார்த்தை பேசவே யோசிக்கிற மனுஷர், அவளிடம் அவள் பாஷையில் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் விழுந்தது ஒரே வார்த்தைதான். கோங்காய், கோங்காய் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் கையை முழங்கால் உயரத்தில் பிடித்துக் காட்டினார். அந்த அம்மாள் மெல்லத் தலையாட்டி இல்லை என்றாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாடா!" என்ற அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "என்ன மாமா, பயந்தே போயிட்டேன். ஏதோ காய் வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பெரியப்பா அவளையே பார்த்தார்.

அம்மா விடுவாளா? அவரைக் காய்கறிப் பக்கம் கூட்டிப்போனாள். "இதா மாமா கோங்காய்? இதா?" பீர்க்கங்காயைக் காட்டினாள். சுரைக்காயைக் காட்டினாள். முழங்கால் உயரம் காட்டினாரே என்று ஒரு நீளப் புடலங்காயைத் தரையில் நிறுத்தி வைத்து, "இவ்ளோ பெருசா இருக்குமா?" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"விடும்மா. இங்க இல்லே" என்றார் பெரியப்பா.

வீடு வரும்வரை காரில் என் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். முடி கலைகிறதே என்று எனக்கு எரிச்சல். அம்மா ஃப்ரீமான்டில் இருந்த தமிழ் ஆன்ட்டிகளுக்கெல்லாம் போன் பண்ணி விசாரித்தாள். கோங்காயை யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பா ஊருக்குப் போய், சில வருடங்களில் காலமும் ஆனார்.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி வியட்நாம் குடும்பத்துப் பெண். ஒருநாள் அவள் அம்மாவின் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். அந்தக் குரல் எடுத்த எடுப்பில் "கோங்காய்" என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என்ன காய் என்று கேட்டேன்.

"காயா? மகள்னு அர்த்தம்" என்றாள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. புதுக் காய் எதைப் பார்த்தாலும் அவள் மாமாவை நினைத்துக்கொள்கிறாள். எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது. சைகோனைவிட்டு அவர் கப்பலேறி அன்றைக்கே நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்போதும் அவர் கையை முழங்கால் உயரத்தில்தான் பிடித்திருந்தார்.